கோப்பையில் இரண்டு வாய் மிச்சம்

என் நெஞ்செரிவுக்குக் காரணம் உறைப்பு என்று கிளிநொச்சி டொக்டர் சொன்னார். உண்மையான காரணம் என் வீம்பு. அதை அவரிடம் சொல்லவில்லை. கிளினிக்கில் எனக்குப் பின்னால் பலர் காத்திருந்தார்கள், அதுவோ நீண்ட கதை.

போரின் கடைசி மாதங்களில் முள்ளிவாய்க்காலில் நாங்கள் கஞ்சிக்கு வரிசையில் நின்றோம். தண்ணீரில் கொஞ்சம் அரிசி. உப்புக் கிடைத்தால் உப்பு. ஷெல் விழுந்தால் வரிசை கலையும். ஓய்ந்ததும் மறுபடி சேரும், சிலர் சேரமாட்டார்கள். நான் நீட்டியது ஒரு பால்மா டின். அடியில் ஒட்டியதை விரலால் வழித்து நக்கினேன். பிறகு முகாமிலும் உப்புச்சப்பில்லாத சாப்பாடுதான். ஒட்டுசுட்டானுக்குத் திரும்பி வந்து சொந்த அடுப்பை மூட்டிய அன்று ஒரு முடிவெடுத்தேன்: இனி என் வாயில் கஞ்சி படாது, என் சட்டியில் உறைப்புக் குறையாது. மே மாதத்தில் அங்கே இறந்தவர்களின் நினைவுக்காகக் கொடுக்கும் கஞ்சியை மட்டும் ஒரு சிரட்டை குடிப்பேன். அது எனக்காகக் குடிப்பதல்ல.

சொன்னதைச் செய்தேன். காலையில் பாணோடு செத்தல் மிளகாய் இடித்த சம்பல், மதியம் கண்ணில் தண்ணீர் வரவைக்கும் மீன் குழம்பு, இரவில் மிஞ்சிய குழம்போடு புட்டு. வீட்டுக்குச் சாப்பிட வந்தவர்கள் தண்ணீர்ச் செம்பைத் தேடுவார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

வயிறு பல வருடம் பொறுத்தது. பிறகு அதுவும் என்னைப்போல் வீம்பு பிடித்தது. படுத்தால் புளித்தண்ணீர் தொண்டைக்கு வரும். குனிந்தால் இன்னும் மோசம். நான் கச்சான் செய்கிறவள், நிலக்கடலைதான். கச்சான் பிடுங்குவது முழுக்கக் குனிந்த வேலை. மாத்திரை போட்டால் எரிவு தணியும், சம்பலைக் கண்டால் திரும்பி வரும். ஒரு அறுவடையில் பாதி வரிசை போவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மண்ணில் இருந்துவிட்டேன். காணியைக் குத்தகைக்கு விட்டால் நல்லது என்று ஊரில் கதை கிளம்பியது. திரும்பி வந்தபோது காடு பற்றிக் கிடந்த காணி அது. கத்தியும் மண்வெட்டியுமாக நின்று துப்புரவாக்கினவள் நான். அதை இன்னொருவர் கையில் கொடுக்க எனக்குக் கொஞ்சமும் மனமில்லை.

அடுத்த வளவில் மச்சாள் இருக்கிறார், என் கணவரின் அக்கா. வேலியால் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

"காலமை வெறுவயித்திலை கஞ்சி குடி. எரிவு அடங்கும். நாளைக்குக் காய்ச்சிக்கொண்டு வாறன்."

"கொண்டு வந்தா படலையிலையே திருப்பி அனுப்புவன்."

"ஏன்?"

"ஏனெண்டு உங்களுக்குத் தெரியாதே? எனக்கு முன்னாலை வரிசையிலை நிண்டது நீங்கள்தானே."

மச்சாளுக்கும் கோபம் வந்தது. "அது கஞ்சியே? அரிசி கழுவின தண்ணி. என்ரை குசினியிலை நான் காய்ச்சிறதுக்கும் அதுக்கும் ஒரே பேரே?" என்றுவிட்டுப் போய்விட்டார்.

அன்று பகல் முழுக்க அவரை மனதுக்குள் ஏசினேன். பின்னேரம் கச்சானுக்குள் நின்றபோது கோபம் வேறு பக்கம் திரும்பியது. வீடு போனது. மாடுகள் போயின. போன மனிதர்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. இத்தனையையும் எடுத்தவர்களுக்குக் கஞ்சியையும் நானே தூக்கிக் கொடுத்திருக்கிறேன். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் குடித்த கஞ்சி, மாரிமழையில் அடுப்படியில் இருந்து ஊதி ஊதிக் குடித்த கஞ்சி, எல்லாவற்றையும். என்மேல் எனக்கே எரிச்சல் வந்தது.

மறுநாள் நானே காய்ச்சினேன். யாருடைய அகப்பையிலிருந்தும் வாங்குவதாக இல்லை. தவிட்டுப் பச்சையரிசி, நற்சீரகம், கொஞ்சம் வெந்தயம், சில பல்லு உள்ளி. அரிசி குழைந்ததும் தேங்காய்ப்பால். மணத்திலேயே மச்சாளுக்குத் தெரிந்துவிட்டது.

"கட்டிப்பால் விடாதை, எரிவைக் கூட்டும். தண்ணிப்பாலை விடு" என்று வேலிக்கு அப்பால் இருந்து குரல் வந்தது.

என் கை கட்டிப்பாலில்தான் இருந்தது. மச்சாளுக்காக அல்ல, கச்சானுக்காகத் தண்ணிப்பாலை விட்டேன். உப்பை என் விருப்பத்துக்குப் போட்டேன்.

அலுமாரியில் விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த பூப்போட்ட கோப்பையை எடுத்தேன். கதிரையைப் போட்டு இருந்தேன். முதல் வாய் இறங்க மறுத்தது. அழுதேன். கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

சில கிழமைகளில் எரிவு தணிந்தது. மாத்திரையை டொக்டர் சொன்னபடி போடுகிறேன். இரவுக் குழம்பை விட்டுவிட்டேன். மதியக் குழம்பில் உறைப்பைக் குறைத்திருக்கிறேன், விடவில்லை, விடவும் மாட்டேன். இப்போது வரிசை முடியும்வரை குனிந்து பிடுங்குகிறேன். குத்தகைக் கதையும் அடங்கிவிட்டது.

ஆனால் கஞ்சியை நான் முழுவதும் குடிப்பதில்லை. ஒவ்வொரு நாளும் இரண்டு வாய் மிச்சம் விடுவேன். ஒருநாள் மச்சாளும் தன் பங்கை வாங்கிக்கொண்டு என் குசினி வாசலில் இருந்தார். என் கோப்பையை எட்டிப் பார்த்தார்.

"அதென்ன புதுப் பழக்கம், மிச்சம் விடுறது? அண்டைக்கு டின்னை நக்கினவள் நீ."

"அதுக்குத்தான் விடுறன்" என்றேன். கோழிகளைக் கூப்பிட்டு, மிச்சத்தை முற்றத்தில் ஊற்றினேன்.

மச்சாள் வாயருகே கொண்டுபோன கோப்பையை இறக்கி என்னிடம் நீட்டினார்.

"இந்தா, என்ரையையும் ஊத்து."