ஊரெல்லாம் பயணம் சொன்ன பிறகு

விமானத்தில் ஏறுவதற்கு முன்பே நாங்கள் களைத்துப்போயிருந்தோம். கத்தாருக்குப் போய்வந்ததைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவு வருவது மேகங்கள் அல்ல. சாய்ந்தமருதின் குறுக்கு வீதிகளும், வீட்டுக்கு வீடு குடித்துத் தீர்த்த பால் தேத்தண்ணியும், உம்மாவின் அபாயா ஓரத்தில் ஒட்டிக்கொண்டே வந்த கடற்கரை மணலும்தான்.

எங்கள் பக்கத்தில் தூரம் போகிறவர் பையைத் தூக்கிக்கொண்டு சும்மா கிளம்பிவிட முடியாது. பயணம் சொல்ல வேண்டும். சொந்தக்காரர், அயலவர், சின்ன வயதில் ஒன்றாகக் குர்ஆன் ஓதப் போனவர் என்று ஒவ்வொரு வாசலாக ஏறி, "பயணம் சொல்ல வந்த. ஏதும் பிழை உட்டிருந்தா மாப்புத் தாங்க" என்று மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர்களும் பதிலுக்கு மாப்புக் கேட்பார்கள். இரண்டு பக்கமும் கண் கலங்கும். பிறகு தேத்தண்ணி வரும். வெளிநாட்டிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வந்துபோகிற ஆண்கள் இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். உம்மாவுக்கு அது சரிப்படாது. முகம் பார்த்துக் கேட்காத மாப்பு மாப்பே இல்லை என்பார்.

ராத்தா, எனக்கு மூத்தவள், கத்தாரில் இருந்தாள். திருமணமாகிப் போனவளுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. அப்போது உம்மா ஃபோனில்தான் இருந்தார். ஃபோனின் அந்தப் பக்கம் ராத்தா அழ, இந்தப் பக்கம் உம்மா குசினிக்குள் நின்று அழ, இரண்டு அழுகைக்கும் நடுவே இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. இந்த முறை மாதம் நெருங்கிவிட்டது. டொக்டர் ராத்தாவைப் படுக்கையை விட்டு எழும்பக்கூடாது, விமானத்தில் ஏறவே கூடாது என்று சொல்லியிருந்தார். ஆகவே உம்மா அங்கே போக வேண்டும். துணைக்கு நான்.

உம்மாவோ டொக்டர் சொன்னதில் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார். "பாத்தியா, டொக்டரே பிளேன் கூடா எண்டு சொல்றார்."

"அது ராத்தாக்கு உம்மா. உங்களுக்கில்ல."

"எனக்கு மட்டும் என்ன, கல்லுல செஞ்ச உடம்பா?"

நான் பட்டப்படிப்பை முடித்து நியமனத்துக்குக் காத்திருந்த காலம் அது. கையில் வேலை இல்லாதவளுக்கு விமானம் கிடைத்தது. ஒன்றைப் பிடித்தால் அதன் அடிநுனி காணாமல் விடுகிற ஆள் இல்லை நான். விமானம் எப்படி எழும்புகிறது, ஏன் குலுங்குகிறது, ஒரு எஞ்சின் நின்றால் என்ன நடக்கும் என்று வீடியோவாகப் பார்த்தேன். பார்த்ததையெல்லாம் உம்மாவுக்குச் சொன்னேன். இறக்கை வளைந்து கொடுக்கிற மாதிரித்தான் செய்திருக்கிறார்கள், அதனால்தான் உடையாது என்று ஒருநாள் மிக உற்சாகமாக விளக்கினேன். உம்மா மீன் வெட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"வளையுமா? அது வேற வளையுமா?"

அன்றைக்கு ராத்திரி அவர் சோறு தின்னவில்லை.

வாப்பா சவுதியில் பல வருடம் வாகனம் ஓட்டியவர். விமானம் அவருக்குக் கல்முனை பஸ் மாதிரி. "பஸ்ஸுல சாப்பாடு தரமாட்டான், இதுல தருவான். அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார். உம்மா அசையவில்லை என்று கண்டதும் ஒருநாள் பெரிய ஆயுதத்தை, சுனாமியை, எடுத்தார். "இஞ்ச பாரு புள்ள. கடல் வந்த அண்டைக்கு நீ எப்படித் தப்பின? பக்கத்து ஊட்டு மாடியில ஏறித்தானே? மேல போறதுதான் ஒனக்கு ராசி."

உம்மா உடனே சொன்னார், "மாடிக்குக் கீழ தூண் இருந்திச்சு."

எத்தனையோ வீடியோ பார்த்திருந்தேன், ஒன்றிலும் தூண் இல்லை.

பயணம் சொல்லத் தொடங்கினோம். சொல்லி முடித்தால் மனம் லேசாகும் என்றுதான் நான் நினைத்தேன். நடந்தது எதிர்மாறு. எங்கள் ஊரில் எந்த வீட்டைத் தட்டினாலும் உள்ளே விமானம் ஏறிய ஒருவர் இருப்பார். இல்லாவிட்டால் ஏறியவரைப் பற்றிச் சொல்ல ஒருவர் இருப்பார். எல்லோருக்கும் ஒரு கதை இருந்தது. எல்லாக் கதையையும் உம்மா வாங்கிக்கொண்டார்.

மருதமுனையில் இருக்கிற பெரிய மாமா, உம்மாவின் காக்கா, வாழ்நாளில் கொழும்பைத் தாண்டாதவர். அவருக்குத்தான் ஆகாயம் அத்துப்படி. "வானத்துல குழி இரிக்கி தங்கச்சி. ரோட்டுல இரிக்கிற மாதிரித்தான். ஆனா ரோட்டுல எண்டா டயர் மட்டும்தான் இறங்கும்." சொல்லிவிட்டு உம்மாவின் தலையில் கை வைத்து அழுதார். அழுது முடித்து, கத்தாரில் இருக்கிற மகனுக்கு என்று ஒரு கருவாட்டுப் பார்சலை நீட்டினார்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் உம்மா சொன்னார், "குழிக்கதையும் சொல்லிக் கருவாடும் தந்துடுறாரு எங்கட காக்கா."

கருவாடு மட்டும் இல்லை. ஒரு வீட்டில் மகனுக்கு உடுக்கச் சாரம், இன்னொரு வீட்டில் மருமகனுக்கு மாசித்தூள், அடுத்த வீட்டில் பேரனுக்குத் தொதல். ஒவ்வொரு பார்சலுக்கும் உம்மா முகம் வெளிறினார். பெட்டியின் பாரத்துக்காக இல்லை. "இவ்வளவையும் தூக்கிக்கிட்டு அது எப்படி மகள் எழும்பும்? எங்கட பெட்டி மட்டுமா, எல்லார்ட பெட்டிலயும் கருவாடு இரிக்குமே."

எங்கள் தெருவிலேயே ஒரு மாமி இருந்தார். இளவயதில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவர். அவருடைய முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது உம்மா துணிந்து கேட்டார், "முதல் தரம் ஏறக்குள்ள பயமாரிக்கல்லையா மச்சி?"

"பயமா? நான் ஏறினதுல இருந்து இறங்கும்வரைக்கும் அழுத. பிளேனுக்குப் பயந்தில்ல. சின்னவ அப்ப பால் மறக்கல்ல. அவள உட்டுட்டுப் போறனே எண்டு. அது பறந்ததா, ஆடினதா, ஒண்டும் எனக்குத் தெரியா மச்சி."

உம்மா அங்கே தேத்தண்ணியைக் குடித்து முடிக்கவில்லை. எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "அவ புள்ளய உட்டுட்டுப் போனா. நான் புள்ளைக்கிட்ட போறன். எனக்கென்ன பயம்?" என்றார். நான் சந்தோஷப்பட்டேன். மறுநாள் காலையில் பயம் பழையபடி எழும்பி அவருக்கு முன்னால் அடுப்படியில் உட்கார்ந்திருந்தது.

கடைசி வீட்டையும் முடித்துவிட்டு வந்தபோது உம்மா கதிரையில் சரிந்து, காலை நீட்டி, "ஊர் முழுக்க மாப்புத் தந்திட்டு. இனி மௌத்தாகிறதுதான் பாக்கி" என்றார். அந்தச் சாவுப் பகிடிக்குச் சிரிக்கவும் எனக்குத் தெம்பு இல்லை.

போகிற நாள் விடியற்காலை சுபஹு தொழுத கையோடு வாடகை வான் ஒன்று வாசலுக்கு வந்தது. வாப்பாவும் கூட வந்தார். அம்பாறை கடந்து, மகியங்கனை கடந்து, மலையில் ஏறுகிற வளைவுகளில் சாரதி ஒரு கையால் ஃபோனில் கதைத்துக்கொண்டே பஸ்களை முந்தினார். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பார்த்தால் தலை சுற்றும் பள்ளம். நான் சீற்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உம்மா உளுந்து வடை தின்றார். அதன் பிறகு வாயைத் திறந்தபடி உறங்கினார்.

எனக்குக் கோபம் வந்தது. கண் விழித்ததும் கேட்டேன். "இந்த ரோட்டுல போறத விட பிளேன்ல போறது எவ்வளவோ பாதுகாப்பு உம்மா. இதுக்குப் பயமில்ல, அதுக்கு மட்டும் ஏன்?"

"வான்ல எண்டா, தம்பி நிப்பாட்டுங்க, நான் இறங்கப் போறன் எண்டு சொல்லலாம்" என்றார் உம்மா. "அங்க யாருக்குச் சொல்ற?"

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பயணிகள் மட்டும் உள்ளே போகிற கதவுக்குப் பக்கத்தில் உம்மா நின்றுவிட்டார். பெட்டி வண்டியின் கைப்பிடியை விட்டுவிட்டு முக்காட்டை இழுத்துச் சரிசெய்தார். "இஞ்சாருங்க, நான் போகல்ல. மகள் மட்டும் போகட்டும். அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

எனக்கு எல்லாம் தெரியும்தான். பிள்ளைப்பேறு பற்றி ஒன்றும் தெரியாது. ராத்தா கேட்பதும் என்னை இல்லை. நான் சொல்ல வாய் எடுத்தேன், வாப்பா கையால் நிறுத்தினார்.

"சரி, திரும்பிப் போவம். நாளைக்குக் காலையில நீ சந்தைக்குப் போவா. ஒன்ட காக்கா நிப்பாரு. அழுது அனுப்பினவரு. அவருக்கிட்ட என்ன சொல்லப் போறா? கருவாட்டத் திருப்பிக் குடுக்கப் போறியா?"

உம்மா அதை நினைத்துப் பார்த்தார். ஊரே மாப்புத் தந்து அனுப்பிய ஒருத்தி, மறுநாள் பைத்தங்காய் விலை கேட்டுக்கொண்டு சந்தையில் நிற்பது. ஆகாயத்தின் குழியை விட அது ஆழமாகத் தெரிந்திருக்க வேண்டும். கைப்பிடியை மறுபடி பிடித்தார்.

"எனக்குப் பயணம் சொல்லல்லியே நீ?" என்று வாப்பா கேட்டார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஊரில் ஒரு வாசல் விடாமல் ஏறியவர் சொந்த வீட்டுக்குள் கேட்கவில்லை.

"உங்களுக்கிட்ட போய்வந்து கேக்கிறன்" என்றார் உம்மா. "எல்லாத்தையும் தீர்த்துட்டுப் போனா, திரும்பி வர வேலை ஒண்டும் இரிக்காது." வாப்பா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

உள்ளே நடந்த சோதனைகளும் வரிசைகளும் நினைவில் இல்லை. கால் வலித்தது நினைவிருக்கிறது. விமானத்தில் ஜன்னல் பக்கம் எனக்கு, நடுவில் உம்மா, ஓரத்தில் வேலைக்குத் திரும்புகிற ஒரு இளைஞன், எங்கள் பக்கத்துப் பேச்சுத்தான். சீற் பெல்ற்றை நான்தான் உம்மாவுக்கு மாட்டிவிட்டேன். கதவு சாத்தப்பட்ட சத்தம் கேட்டதும் உம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டில் இறங்கின.

அப்போது அறபியில் ஒரு குரல் எழுந்தது. நடைபாதையில் சீருடை போட்ட ஒரு இளம்பெண் எங்களுக்கு முன்னால் வந்து நின்று, இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டி, பக்கவாட்டில் விரித்து, மார்பில் வைத்துக் காட்டினாள். ஆபத்து வந்தால் எந்தக் கதவால் போவது, உயிர்காப்பு உடுப்பை எப்படிக் கட்டுவது என்கிற வழமையான விளக்கம். நான் அதை வீடியோவில் பலமுறை பார்த்திருக்கிறேன். உம்மா அறபிக் குரல் கேட்டதும் என் மணிக்கட்டை விட்டுவிட்டு இரண்டு கையையும் ஏந்தினார். குரல் முடிந்ததும் வாய்விட்டு, "ஆமீன்" என்றார். ஓரத்து இளைஞன் காதில் இருந்ததைக் கழற்றி, என்ன ஏது என்று தெரியாமல் அவனும் ஆமீன் சொன்னான்.

"பாவம் மகள் இந்தப் புள்ள" என்று உம்மா என் காதில் சொன்னார். "எல்லாருக்கும் பயணம் சொல்லுது, பாத்தியா? நெஞ்சுல கைய வெச்சு மாப்புக் கேக்குது."

நான் திருத்தத்தான் வாயைத் திறந்தேன். சீற்றுக்கு அடியில் சக்கரங்கள் உருளத் தொடங்கியிருந்தன. வாயை மூடிக்கொண்டு சீற்றின் கைப்பிடியைப் பிடித்தேன்.

அந்தப் பெண் பெல்ற்றைச் சரிபார்த்துக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்தாள். உம்மா அவளுடைய கையைத் தொட்டார். "மாப்புத் தந்தன் மகள். நீயும் எங்களுக்குத் தா." அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. குனிந்து, உம்மாவின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்து, சிரித்துவிட்டுப் போனாள்.

விமானம் ஓடி எழும்பியபோது உம்மா கண்ணை மூடி ஓதினார். அழவில்லை. உயரப் போனதும் முதலில் கேட்டது, "இந்தப் புள்ள ஒவ்வொரு நாளுமா இப்படி மாப்புக் கேட்டுட்டுப் போறது?"

"ஓம் உம்மா. அதுதான் வேலை."

"அதுட உம்மா எப்படித்தான் பொறுத்துக்கிட்டு இரிக்காவோ."

அதற்குப் பிறகு அவருடைய கண் அந்தப் பெண்ணின் பின்னாலேயே போனது. அவள் சாப்பாட்டு வண்டியைத் தள்ளியபோதும், விமானம் குலுங்கி அவள் ஒரு சீற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும், "பாத்து மகள், பாத்து" என்று முணுமுணுத்தார். தனக்குப் பயப்பட அவருக்கு நேரம் இருக்கவில்லை. குலுங்கியபோது கண்ணை மூடிக்கொண்டது நான். இறக்கையை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

கத்தாரில் இறங்கியதும் ராத்தாவின் கணவர், எங்கள் மச்சான், காரில் வந்து கூட்டிப்போனார். ராத்தா கட்டிலில் சாய்ந்திருந்தாள், முகம் வீங்கி, வயிறு மட்டும் பெரிதாக. உம்மாவைக் கண்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினாள். உம்மா அபாயாவைக்கூடக் கழற்றாமல் போய் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். ஏதோ அசைந்திருக்க வேண்டும். அவருடைய தோள் தளர்ந்தது. மெல்லக் கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்.

"பயமாரிந்திச்சா உம்மா?" என்று ராத்தா கேட்டாள்.

"அத ஏன் கேக்கிறா. கால் ரெண்டும் இன்னும் நடுங்குது." முழங்காலை அமுக்கிக்கொண்டே சொன்னார், "நான் இனி இப்போதைக்கு அதுல ஏறமாட்டன். புள்ள பொறந்து, தவழ்ந்து, எழும்பி நடக்கட்டும். பொறகு பாப்பம்."

ராத்தா என்னைப் பார்த்தாள். மச்சானும் பார்த்தார். விசா அவ்வளவு காலத்துக்கு இல்லை என்பது மூவருக்கும் தெரியும். சொல்ல வேண்டியவள் நான்தான், கொண்டுவந்தவள். நான் சூட்கேஸைத் திறந்து, கருவாட்டை எந்த அலுமாரியில் வைப்பது என்று கேட்டேன்.