கதவு எண் இல்லாதவர்கள்

ஆற்றங்கரைக் குடிசைவாசிகளுக்கு மாற்று வீடு ஒதுக்குவது இப்போது கம்ப்யூட்டர் என்று நந்தனம் அலுவலகப் பொறியாளர் இன்று என்னிடம் உறுதிப்படுத்தினார்.

சைதாப்பேட்டை ஆற்றங்கரைக் குடிசையில் வசிக்கும் அஞ்சலை அங்கே நின்றிருந்தார். அவருக்கு மாற்று வீடு ஒதுக்கப்படவில்லையாம். கதவு எண் கேட்டபோது, அங்கே எல்லோரும் சொல்வதுபோல், "மாரியாத்தா கோயில் பின்னால" என்று சொல்லியிருக்கிறார்.

"தபால்காரரு கரீட்டா வராரு நைனா. உன் மிசினுக்கு இன்னா, கண்ணு பொட்டையா?" என்று கேட்டார் அஞ்சலை.

பொறியாளர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"அது தப்பு பண்ணலை சார். எண் இல்லாதவங்களைத் தள்ளிடுன்னு நாங்கதான் சொல்லிவெச்சோம். நாளைக்கு இதைவிடப் பெரிய முடிவெல்லாம் இதுகிட்டதான் போகும்."

திருத்திய ஒதுக்கீடு வெள்ளிக்கிழமை வரும். குடிசைகளை வியாழக்கிழமை இடிக்கிறார்கள்.

அன்றிரவு யாராவது கேட்டால் அஞ்சலை எந்த முகவரியைச் சொல்வது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.