சுவருக்குப் போகாத ஜன்னல்

என் சித்தியைப் போலக் கம்ப்யூட்டரை அடக்கி ஆண்ட ஒருத்தரை நான் இதுவரை பார்த்ததில்லை. இன்று நானும் கம்ப்யூட்டர் தொழிலில்தான் இருக்கிறேன், இருந்தும் சொல்கிறேன்.

அவளிடம் இருந்தது ஒரு நெட்புக், குட்டி லேப்டாப். விண்டோஸ் இல்லை, லினக்ஸ் போட்டது. திரை டிபன் டப்பா மூடி அளவுதான். துடியலூரில் எங்கள் ஆலயத்தில் ஞாயிறுதோறும் பாட்டு வரிகளை புரொஜெக்டர் வழியாகச் சுவரில் காட்டுவது அதை வைத்துத்தான். எட்டு வயதான நான் பக்கத்து ஸ்டூலில் இருப்பேன். ஒருமுறை ஜெபத்தின் நடுவே சேலை விளம்பரம் ஒன்று சுவர் முழுக்கத் திறந்துகொண்டது. சபையே சிரித்தது, தாத்தா சிரிக்கவில்லை. சித்தி அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் எந்த ஜன்னல், அதாவது விண்டோ, எங்கே, எந்த அளவில் திறக்க வேண்டும் என்று விதி எழுதிவைத்தாள். பாட்டு மட்டும் சுவரில், முழுசாக. மற்றதெல்லாம் நெட்புக்கின் மூலையில், சின்னதாக.

"இனி இதுக சொன்ன எடத்துலதான் தொறக்கும் கண்ணு," என்றாள். அப்படியே திறந்தன. நான் ஆவென்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, சித்தியைப் பார்க்கப் பெருந்துறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஆராதனைக்கே வந்துவிட்டார்கள். மறுநாள் பேசி முடித்துவிடுவதாகத் தாத்தாவின் ஏற்பாடு. சித்தியிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. காலையிலிருந்தே அவள் முகம் சரியில்லை. பாட்டை மாற்றுவதும் திரையின் மூலையைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

பாட்டின் நடுவே யாரோ புரொஜெக்டர் ஒயரில் இடறிவிட்டார்கள். சுவர் நீலமாகிவிட்டது. அடுத்த வரி தெரியாமல் சபை இழுத்துக்கொண்டு நின்றது. சித்தி பதறவில்லை. ஒயரைச் செருகினாள், பாட்டை மூடித் திறந்தாள். அது நேராகச் சுவரில் போய் நின்றது. அதே நொடியில் இன்னொரு ஜன்னலும் திறந்தது. ஐயோ, இதுவும் சுவருக்குப் போய்விடுமோ என்று சட்டென்று சுவரைப் பார்த்தேன். போகவில்லை. சமர்த்தாக மூலையிலேயே திறந்தது. யாரோ சித்திக்கு அனுப்பிய செய்தி, ஆங்கில எழுத்தில் தமிழ்: "வேலை கெடைச்சிருச்சு. சாயங்காலமே ஊட்டுக்கு வாரேன். பயப்படாத."

சித்தியின் கண்களிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. கை அசையவில்லை. அடுத்த சரணத்தை நான்தான் தட்டினேன்.

ஆராதனை முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவிடம் வந்து உருகினார். "உங்க தங்கச்சிக்கு என்ன பக்திங்க! பாட்டைப் பாத்தே அழுதுபோட்டாளுங்களே."

சித்தியின் திறமையை இப்படிக் குறைத்துப் பேசுகிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. "பக்தியெல்லாம் இல்லீங்க. ஒயரு புடுங்கியும் ஜன்னல் சரியாத் தொறந்துச்சுல்ல, அதுக்குத்தானுங்க," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

சாயங்காலம் அந்தியூர்க்காரர் ஒருவர் மைசூர்பா டப்பாவோடு வந்தார். வேலை கிடைத்தவர் இவர்தான் என்று புரிந்துகொண்டேன். புரிந்தது அவ்வளவுதான். தாத்தா அவரை உட்காரச் சொல்லவில்லை. வந்தவர் நின்றபடியே, சித்தியைத் தனக்குக் கட்டிக்கொடுக்கும்படி கேட்டார். மேசைமேல் வைத்த டப்பாவை ஒருவரும் தொடவில்லை.

எனக்குப் பாவமாக இருந்தது. நானே போய் டப்பாவைத் திறந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "நல்லா இருக்குதுங்க," என்று அவரிடம் சொன்னேன். உடனே சித்தி கதவோரத்திலிருந்து வந்தாள். தாத்தா பார்க்கப் பார்க்க, தானும் ஒன்றை எடுத்துக் கடித்தாள். ஒரு மைசூர்பா தின்பதை எதற்கு இத்தனை பேர் இப்படிப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே நான் இரண்டாவதை எடுத்தேன்.