லயனலின் பச்சை வண்டியும் ஹேசல் கேட்ட உதவியும்

ஹேசல் பிரெய்த்வெய்ட்டுக்கு மறைத்துப் பேச வராது என்றுதான் உல்வர்ஸ்டனில் எங்கள் தெரு முழுக்க நினைத்திருந்தோம். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கஸ்டர்டு அடிப்பிடித்துவிட்டது என்று பிள்ளைகள் முகம் சுளித்தால், "ஆமா, பிடிச்சுதான் போச்சு, பசிச்சா சாப்பிடு" என்பாள். நான் பக்கத்து வீட்டுக்காரி. அவளே சொன்னதால்தான் இந்தக் கதை எனக்குத் தெரியும்.

அவள் கணவர் லயனல், பக்கத்து ஊரான பாரோவில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவர். அவரிடம் ஒரு பழைய பச்சை ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே இருக்கை, துணிக்கூரை. மார்ச் மாதம் வந்தால் அதற்கு எம்.ஓ.டி. சோதனை. வண்டி சாலையில் ஓடத் தகுதியானதுதான் என்று ஆண்டுதோறும் வாங்க வேண்டிய சான்று. ஒரு வருடம் கைப்பிரேக் பிடிக்கவில்லை. இன்னொரு வருடம் பிரேக் குழாய் அரித்திருந்தது. ஒருமுறை முன்விளக்கு சாலையை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தது. அடித்தகடுகளைத் துரு தின்னத் தின்ன லயனலே ஒட்டுப் போட்டுப் பற்றவைப்பார். சோதனைக்கு முந்தைய நாள் ஹேசலை வண்டிக்குப் பின்னால் நிற்கவைத்து, "எரியுதா?" "எரியுது." "இப்ப?" "இல்ல" என்று ஒவ்வொரு விளக்காகப் பார்ப்பார். மறுநாள் கழுத்தில் டை கட்டிக்கொண்டு போவார். தேறிவிட்டால், பனித்தூறலாக இருந்தாலும் கூரையை மடக்கிவிட்டு, இருவரும் கோனிஸ்டன் ஏரிக்குப் போய், இறைச்சி வைத்துச் சுட்ட ‘பை’ ஒன்றைச் சூடாகச் சாப்பிட்டுத் திரும்புவார்கள்.

எழுபதைத் தாண்டிய பிறகு லயனலின் கால் மெதுவாகிவிட்டது. பிரேக்கைத் தேடிப் போய்ச் சேர ஒரு கணம் கூடுதலாகப் பிடித்தது. ஒரு குளிர்காலத்தில், கிரீனோட் வளைவில், சைக்கிளில் வந்த ஒரு பெண் இவர்களுக்கு ஒதுங்கப் போய் வேலிப்புதருக்குள் விழுந்தாள். நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று.

"நடு ரோட்டுல வந்தா நான் என்ன பண்றது?" என்றார் லயனல்.

"அவ ஓரமாத்தான் வந்தா, லயனல்."

"பயமா இருந்தா நீ பஸ்ஸுல வா."

அவ்வளவோடு அந்தப் பேச்சு முடிந்தது. மறுபடி எடுத்தபோதெல்லாம் அவர் செய்தித்தாளை உயர்த்திக்கொண்டார்.

மார்ச் வந்தபோது ஹேசல் இஞ்சிக் கேக் ஒன்று சுட்டு எடுத்துக்கொண்டு டெரன்ஸ் டைசனின் பட்டறைக்குப் போனாள். சோதனை செய்கிறவன் அவன்தான். சின்ன வயதில் பள்ளியில் அவள் கையால் பரிமாறியதைச் சாப்பிட்டவன்.

"என்ன மிஸஸ் பி, கேக்கெல்லாம்? அந்தக் காலத்துல எனக்குக் குடுத்த கேரட்டை நான் இன்னும் மன்னிக்கல."

"டெரன்ஸ், இந்த வருஷம் அவர் வண்டியைத் தேறாம பண்ணிடு."

அவன் கையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தான். "நான் வண்டியைத்தான் பாக்குறேன். ஓட்டுறவரை இல்ல."

"யாரையாவது கொன்னுடுவார்டா. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறார். வண்டி சொன்னா கேப்பார்."

"நல்ல வண்டிக்கு நான் பொய் எழுத முடியாது, மிஸஸ் பி. கேக்கை எடுத்துட்டுப் போயிடுங்க."

கேக்கை அவள் எடுத்து வரவில்லை. வழியெல்லாம் வெட்கத்தில் முகம் எரிந்தது என்று என்னிடம் சொன்னாள்.

சோதனை நாளில் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். லயனல் டையைச் சரிசெய்துகொண்டே இருந்தார். டெரன்ஸ் வண்டியை உயரத் தூக்கி, சின்னச் சுத்தியலால் அடியெல்லாம் தட்டினான். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டுக்கு வந்ததும் சத்தம் மாறியது. பிறகு லயனலைக் கூப்பிட்டான்.

அவர் குனிந்து பார்த்தார். அவர் போட்ட ஒட்டுக்குப் பக்கத்திலேயே தகடு பொத்துப்போய், விரல் உள்ளே நுழைந்தது. ஹேசலின் சீட் பெல்ட்டைப் பிடித்திருந்த இடம் அது.

"இது என் கை வேலை," என்றார்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினார்கள். பஸ்ஸிலேயே டையை அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் திணித்தார். வீட்டில் ஹேசல் வைத்த தேநீர் ஆறிப்போனது.

"இத்தனை நாளும் உன்னை அதுல உக்காரவெச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கேன். பற்றவைக்கக்கூட எனக்கு இனிமே தெரியல, ஹேசல். வித்துடலாம்."

அவள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு நாள் கழித்து டெரன்ஸிடம் ஓடினாள்.

"நீயாத்தான் ஓட்டை போட்டியா? உண்மையைச் சொல்லு."

"இல்ல. ஓட்டை நிஜம்." அவன் நிமிர்ந்து பார்க்காமலே பேசினான். "டை கட்டிட்டு வந்து உக்காந்திருப்பாரா, எனக்கு மனசு வராது. அவர் போட்ட ஒட்டுப் பக்கம் எப்பவும் லேசாத்தான் தட்டுவேன். நீங்க வந்து கேட்டுட்டுப் போனப்புறம், பொய் எழுதாட்டியும் ஒழுங்காவாவது தட்டுவோம்னு தோணுச்சு. ஒரே தட்டுல உள்ள போயிடுச்சு. போன வருஷமே தேறாமப் போயிருக்கணும்."

மறுநாள் காலையில், டோஸ்டுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, ஹேசல் எல்லாவற்றையும் லயனலிடம் சொன்னாள். கேக்கைக்கூட விடவில்லை.

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். "என் முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாம்," என்றார்.

"சொன்னேன். நீ பேப்பரைத் தூக்கிட்ட."

"தூக்கினா பிடுங்கி எறிஞ்சிருக்கணும். ஊர்ல ஒருத்தன்கிட்ட போய், என் புருஷன் லாயக்கில்லாதவன்னு…" முடிக்காமல் எழுந்து போனார். அவள் அழுதாள். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்று என்னிடம் சொன்னாள்.

வண்டியை விற்க ஹேசல் விடவில்லை. டால்டனிலிருந்து ஒரு பெண் வந்து அந்தத் தகட்டை முழுவதுமாக வெட்டி எடுத்துப் புதிதாகப் பற்றவைத்தாள். லயனல் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. அதுவே ஹேசலுக்கு வலித்தது. வண்டி தேறியதும் சாவியை மேசைமேல் அவள் பக்கமாகத் தள்ளினார். அன்றிலிருந்து ஓட்டுவது ஹேசல். பக்கத்தில் உட்கார்ந்து, "கியரை மாத்து, அது அழுவுது" என்று நச்சரிப்பது அவர்.

அடுத்த மார்ச்சில் அவர் சோதனைக்குப் போகவில்லை. ஹேசல் தனியாகப் போய்ச் சான்றோடு திரும்பினாள்.

"பலமாத் தட்டினானா?"

"எல்லா இடத்துலயும்."

"நீ அவன்கிட்ட முன்கூட்டிப் போய் எதுவும் பேசலையே?"

கேலியா, நிஜமாகவே கேட்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. "இல்ல" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். "கோனிஸ்டன் வரைக்கும் ஓட்டிட்டுப் போனேன், கியரைப் பத்திக்கூட அவர் வாயத் திறக்கல. நான் சொன்னதை நம்பினாரான்னு இன்னும் தெரியல" என்றாள் ஹேசல்.