மேஸ்திரி நாளும் கிறீச்சுச் செருப்பும்

போன மாதம் ஒரு கல்லூரி விழாவுக்குப் போயிருந்தேன். மண்டப வாசலில் பேட்ஜ் குத்திய ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆயா, செருப்ப இங்கயே உட்டுட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். நல்ல பெண், சிரித்த முகம். உள்ளே மாலை போட்ட படம், அதற்கு முன்னால் குத்துவிளக்கு. படத்தில் இருந்தவர் ஏழுமலை மேஸ்திரி. நான் படியிலேயே நின்றுவிட்டேன். முழங்கால் வலி என்று நினைத்து அவள் நாற்காலி எடுத்துவர ஓடினாள்.

நின்ற இடத்தில் செருப்புகள் குவிந்து கிடந்தன. பெரும்பாலும் ரப்பர். நடுவில் ஒரே ஒரு ஜோடி புதுத் தோல். இந்தக் காலத்துத் தோலில் மருந்து வாடைதான் வரும். இதிலோ லேசாக ஆவாரம்பட்டை வாசனை வந்தது. போதாதா எனக்கு? வேலூர் ஓரத்தில், பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஷாப்புகளை ஒட்டி இருந்த எங்கள் சேரிக்கே போய்விட்டேன்.

தோல் ஷாப்பு என்றால் வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். இன்ஸ்பெக்டர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் கைக்குட்டையை எடுக்காமல் ஒரு கேள்வி கேட்கமாட்டார். எங்களுக்கோ அப்படி ஒரு நாற்றம் இருப்பதே தெரியாது. டீச்சர் டிரெயினிங் முடித்துத் திரும்பி வந்த அன்றைக்கு எனக்கும் குமட்டியது. படித்துவிட்ட பெருமையில் அதைக்கூட எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் அம்மா முதுகில் ஒன்று வைத்த பிறகுதான் நிறுத்தினேன்.

எங்கள் ஆட்கள் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலைத் தூக்குவார்கள். மயிர் வழித்து, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, பெட்டியில் அடுக்குவார்கள். அது கப்பலேறி எங்கெங்கோ போகும். ஆனால் அந்தத் தோலில் ஒரு துண்டைத் தைத்துக் காலில் போட்டுக்கொண்டு பெரிய தெரு வழியாக அவர்கள் நடக்க முடியாது. தெரு முனையில் கழற்றிக் கையிலோ கக்கத்திலோ வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கடைசியில் மறுபடி போட்டுக்கொள்ளலாம். இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால், நான் கதை கட்டுகிறேன் என்று நினைக்கிறார்கள்.

ஷாப்பில் மேஸ்திரியாக இருந்த ஏழுமலை ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்றவில்லை. அவ்வளவுதான் அவர் செய்தது. நான் அப்போது பிறந்திருந்தேனோ இல்லையோ. பெரிய தெருக்காரர்கள் அடித்தார்கள். செருப்பைப் பிடுங்கிக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள். அடுத்த ஞாயிறு அதே செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு அதே தெருவில் நடந்தார். மறுபடி அடி. போலீஸ் கச்சேரி, கோர்ட்டு, மனு, எல்லாம் பார்த்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நடையை மட்டும் விடவில்லை. அடித்தவர்களுக்கு அலுத்துப்போகும் வரைக்கும் நடந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஷாப்பு முதலாளி சாயபு, "இன்னா மேஸ்திரி, ஒன்னால எனக்கும் பேஜாராப் பூடுச்சு" என்று ஊரார் முன்னால் சத்தம் போடுவாராம். உள்ளே கூப்பிட்டு நல்ல தோலாகப் பார்த்துக் கொடுப்பாராம்.

அந்தத் தோலில்தான் மேஸ்திரி கிறீச்சுச் செருப்பு தைக்கச் சொன்னார். அடித்தோல் இரண்டுக்கும் நடுவில் உலர்ந்த துண்டு ஒன்றைச் செருகித் தைத்தால், அடி வைக்கும்போதெல்லாம் கிறீச் கிறீச்சென்று கத்தும். "பூனையாட்டம் போவக் கூடாதுடா. நாம வர்றது தெருவுக்குக் கேக்கணும்" என்பாராம்.

அவர் காலமான பிறகு வருஷா வருஷம் அவர் இறந்த நாளில் சேரியே அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு பெரிய தெருவில் நடக்கும். மேஸ்திரி நாள் என்று பேர். கொடி கிடையாது, மேளம் கிடையாது, பேச்சு கிடையாது, வெறும் கிறீச் கிறீச்தான். அத்தனை கால்களும் சேர்ந்து கத்துவதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். எனக்கு இப்போதும் புல்லரிக்கிறது. புதுச் செருப்பு கடித்து, திரும்பி வரும்போது பாதிப் பேர் நொண்டுவோம் என்பது வேறு விஷயம். மறுநாள் வகுப்பில் பிள்ளைகளும் நொண்டும், டீச்சரும் நொண்டுவாள்.

முன்னால் நடப்பது மேஸ்திரியின் சம்சாரம் கன்னியம்மா. அவள் காலில் மட்டும் புதுச் செருப்பு இருக்காது. அடி வாங்கின அந்தப் பழைய ஜோடிதான். அவளுக்கு அது பெரிசு. வாரில் துணி சுற்றிக்கொண்டு தத்தித் தத்தி நடப்பாள். வருஷத்தில் ஒரு நாள் அதைப் போடுவாள், மற்ற நாளெல்லாம் வெறுங்கால்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், டவுனில் இருந்த கல்லூரி மாணவர்கள் எங்கள் நடை அவர்கள் மண்டபத்தில் வந்து முடியட்டும் என்று கூப்பிட்டார்கள். அதற்கு வரதன் என்ற மாணவன் மேலிடத்தில் படாத பாடு பட்டிருந்தான். எங்கள் ஆட்கள் அந்த மண்டபத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கத்தான் போயிருக்கிறார்கள். விருந்தாளியாக இதுதான் முதல் தரம். கன்னியம்மாவுக்கோ மண்டபம் பெரிதில்லை. மேஸ்திரியைத் தனியாக யாரும் போட்டோ எடுத்ததில்லை. ஷாப்பில் எடுத்த கும்பல் போட்டோவில் அவர் முகம் புளியங்கொட்டை அளவு இருந்தது. அதைப் பார்த்து ஒரு மாணவன் ஆளுயரப் படம் வரைந்திருக்கிறான் என்று வரதன் சொல்லியிருந்தான். "அவரு மூஞ்சி எனக்கு மறந்துக்கினே வருது டீச்சரம்மா" என்று முதல் நாள் என்னிடம் சொன்னாள். வேறு யாரிடமும் அதைச் சொல்லியிருக்க மாட்டாள்.

நடந்து போய்ச் சேர்ந்தோம். வாசலில் மாவிலைத் தோரணம், கோலம். பக்கத்தில் மாணவர்களின் செருப்புக் குவியல். சுவரில் அழகான கையெழுத்தில் ஒரு அட்டை. கன்னியம்மா நின்றாள். பின்னால் வந்த கிறீச் கிறீச்செல்லாம் வரிசையாக அடங்கிக்கொண்டே போனது.

"இன்னா எழுதியிருக்குது?"

நான்தானே படித்தவள், நான்தான் வாசிக்க வேண்டும். 'மேஸ்திரி அவர்களின் படத்துக்கு மரியாதையாகக் காலணிகளைக் கழற்றிவிட்டு வரவும்.' அந்தப் பிள்ளைகள் மேல் ஒரு குற்றமும் இல்லை. சாமி படத்துக்கு முன்னால் செய்வதை இவருக்கும் செய்தார்கள். அதைவிடப் பெரிய மரியாதை அவர்களுக்குத் தெரியாது.

கன்னியம்மா கோபப்படவில்லை. கையைக் கண்ணுக்கு மேல் குடையாக வைத்து உள்ளே பார்த்தாள். நீள மண்டபம், கடைசியில் படம், நடுவில் விளக்குப் புகை.

"மூஞ்சி தெரியலயே டீச்சரம்மா" என்றாள்.

கழற்றிவிட்டால் நாலு எட்டில் போய்ப் பார்த்துவிடலாம். கழற்றிவிடு என்று சொல்லிவிடலாமா என்று எனக்கே வாய் வரைக்கும் வந்தது. அவள் குனிந்தாள். கழற்றத்தான் போகிறாள் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். வாரில் நழுவியிருந்த துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். "வேணாம். நான் இங்கயே நின்னுக்கறேன். நீங்க போறவங்க போங்க" என்றாள். ஒருவர்கூட நகரவில்லை.

அதற்குள் வரதன் வெறுங்காலோடு ஓடிவந்தான். "ஏம்மா வெளிய நிக்கிறீங்க, வாங்க" என்றான்.

"அவரு இதக் கழட்ட மாட்டேன்னுதான் அடி வாங்குனாரு. அவரு எதுருலயே கழட்டச் சொல்றியே ராசா?"

அந்தப் பையனின் முகம் செத்துப்போனது. அட்டையைப் பார்த்தான், அவள் காலைப் பார்த்தான். அட்டையைப் பிய்த்தான். உள்ளே திரும்பி, "எல்லாரும் வெளிய வந்து செருப்பப் போட்டுக்கினு வாங்க!" என்று கத்தினான். அந்த அமளியை என்னென்பது! கல்லூரியே வாசலுக்கு வந்து குவியலில் கைவிட்டது. என்னுது, உன்னுது என்று இழுபறி. மேடையில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள்கூட வந்து வரிசையில் நின்றார்கள். வரதன் அவசரத்தில் இரண்டு இடதுகால் செருப்பை மாட்டிக்கொண்டான். அப்படியே நொண்டிக்கொண்டு கன்னியம்மாவின் பக்கத்தில் நடந்தான். பின்னால் நாங்கள் கிறீச் கிறீச்சென்று போனோம். அந்தப் பிள்ளையைக் கும்பிடலாம் போலிருந்தது எனக்கு.

கன்னியம்மா படத்துக்கு நேர் எதிரே நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"மீசை இம்மா ஜாஸ்தி இல்ல" என்றாள். பிறகு, "கண்ணு அவருதான்" என்றாள். வரைந்த மாணவன் அழுதுவிட்டான்.

அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் இப்போது எல்லாரும் வரைகிறார்கள். மீசை மட்டும் வருஷா வருஷம் வளர்ந்துகொண்டே போகிறது. கன்னியம்மா இருந்தால் சண்டைக்கு வந்திருப்பாள். அவள் போன பிறகு அந்தப் பழைய ஜோடி என்ன ஆனது என்று யாருக்கும் தெரியவில்லை. பெரிய தெருவில் நடையும் நின்றுபோனது. கிறீச்சுச் செருப்பைத் தைக்கச் சொல்லிக் கேட்பாரும் இல்லை. விழாக்கள் மட்டும் பெருகிவிட்டன. அதற்கு நான் சந்தோஷப்படுகிறேன், பொய் சொல்லவில்லை.

அந்தப் பெண் நாற்காலியோடு திரும்பி வந்தாள். "வேணாம்மா. நான் செருப்போடயே போறேன்" என்றேன்.

ஒரு நிமிஷம் விழித்தாள். பிறகு என் முழங்காலைப் பார்த்துப் பரிதாபத்தோடு, "பரவால்ல ஆயா, வயசானவங்கதானே, போட்டுக்கினே போங்க" என்றாள்.

போனேன். மண்டபத்தின் நடுவில் படம் வரைக்கும் நடந்தேன். என் காலிலும் ரப்பர் செருப்புதான். நான் வருவது ஒருவர் காதிலும் விழவில்லை.