ஏழாவது கிரீனில் வாட்டம்

முனிரத்தினம் அண்ணன் காலையில் போய்விட்டார். அவருடைய மச்சினன்தான் போன் செய்தான்.

"மேடம், பாவா பூட்டாருங்க. மாரு வலிக்குதுன்னு உக்காந்தாரு... அப்படியே சாஞ்சிட்டாரு."

திருத்தணி ரயிலில் உட்கார்ந்து இதை டைப் செய்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்கு... சென்னைக்கு வெளியே, புரொஃபஷனல் ஆட்டக்காரர்கள் வந்து விளையாடும் ஒரு கோல்ஃப் மைதானம். அங்கே புல்லுக்குத் தண்ணீர் விடும் ஆட்களுக்கு அண்ணன்தான் மேஸ்திரி. ஊர் கே.ஜி.கண்டிகை. அதற்கு முன்னால் திருவாலங்காட்டுப் பக்கம் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்.

நான் அந்த மைதானத்தின் டிசைனுக்கும் பராமரிப்புக்கும் மதிப்பெண் போடும் குழுவுக்குக் குறிப்பெடுத்துக் கொடுப்பவள். எனக்கும் திருத்தணிதான் என்று தெரிந்த அன்றே 'மேடம்' போய் 'ம்மா' வந்துவிட்டது.

அண்ணன் ஒருநாளும் மட்டை பிடித்து ஆடியவர் இல்லை. ஆனால் தரையைப் பார்த்தால் போதும், சொல்லிவிடுவார்.

"மூணாவது குழி நல்லா கட்டிகீறாம்மா. குளத்துக்கு மேல அடிச்சா சீக்கிரம், சுத்திகினு போனா பத்திரம். நீ பயந்தவனா துணிஞ்சவனான்னு தரையே கேக்குது பாரு."

நான் அதற்கு இரண்டு பக்கம் இங்கிலீஷில் எழுதி வைத்திருந்தேன். கிழித்துப் போட்டுவிட்டு அவர் சொன்னதை எழுதினேன். அவர் பெயரைப் போடவில்லை.

அப்புறம் அந்த போன் கால். நல்ல கோடை. பின்னால் மோட்டார் இரைச்சல்.

"ஏழாவது கிரீன்ல வாட்டம் ஜாஸ்திம்மா, எழுதிக்கோ!" லைன் கட்.

கிரீன் என்றால் குழி இருக்கிற வழவழப்பான புல்தரை. புல்லில் வாட்டம் என்றால்? வாடிப்போயிருக்கிறது என்றுதானே நினைப்போம்... நான் அப்படித்தான் நினைத்தேன். 'ஏழாவதில் புல் வாடியிருக்கிறது, பராமரிப்பு போதாது' என்று எழுதி அனுப்பினேன்.

குழுவின் வரைவு அறிக்கையில் டிசைனுக்கு முழு மதிப்பெண். பராமரிப்புக்கு வெட்டு. ஏன் புல் வாடியது என்று விளக்கம் கேட்டு அண்ணனுக்கு நிர்வாகத்திலிருந்து நோட்டீஸ்.

பத்து நாள் முன்னால் நேரில் போனபோதுதான் எனக்கே விளங்கியது. ஏழாவது கிரீனுக்குக் கூட்டிப்போனார். புல் பச்சைப் பசேலென்று இருந்தது.

"வாட்டம்னா காஞ்சி போறதுன்னு எழுதிட்டியா? ஐய்ய... பாத்ரூமுக்கு டைல்ஸ் போட்டா தண்ணி ஓட கொத்தனாரு வாட்டம் வெக்கிறாருல்ல, அந்த வாட்டம்மா!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குழிக்குப் பக்கத்தில் ஒரு பந்தை வைத்துக் கையை எடுத்தார். அது மெதுவாக உருண்டு கீழே மணல் பள்ளத்தில் விழுந்தது. தள்ளி ஓரமாக இன்னொன்றை வைத்தார். அதுவும் அங்கேயே போய் விழுந்தது.

"நல்லா அடிச்சவனுக்கும் இதே பள்ளம், தப்பா அடிச்சவனுக்கும் இதே பள்ளம். அப்புறம் என்னாத்துக்கு ஆட்டம்?"

பெரிய நிபுணர் போட்ட டிசைன். அதில் இருந்த குறையைத் தண்ணீர் விட்டவர் தலையில் கட்டியது நான்.

கிளம்பும்போதுதான் சிரிப்பை நிறுத்தினார். "மாத்தி எழுதிடும்மா. பயமா கீது. வேலைய வுட்டு நிறுத்திட்டா இந்த வயசுல எங்க போவேன்?"

"ஆங், நாளைக்கே எழுதிடறேண்ணா" என்றேன்.

எழுதவில்லை. தமிழ் வார்த்தை ஒன்று எனக்குப் புரியவில்லை என்று பாஸிடம் சொல்ல வெட்கம். அதுவும் திருத்தணிக்காரி... நாளைக்கு, நாளைக்கு என்று பத்து நாள்.

இன்று நாலு மணிக்குக் குழு கூடுகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டால் அவ்வளவுதான், அறிக்கையை மாற்ற முடியாது. ரயில் ஏறியதும் முதல் வேலையாகத் திருத்தத்தை மெயிலில் அனுப்பினேன். பதில் இல்லை. யாரும் போனும் எடுக்கவில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து திறந்து பார்க்கிறேன்.

குழுவில் இரண்டு பேர் என் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்டில் இருக்கிறீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன்... தயவுசெய்து மெயிலைப் பாருங்கள்.

மணவூர் தாண்டும்போது மச்சினன் திரும்பக் கூப்பிட்டான். மூன்று மணிக்கு எடுக்கிறார்களாம். வைக்கும் முன்னால் கேட்டான்.

"மேடம், அந்த பேப்பர் மாறிடுச்சுங்களா? பாவா நேத்து கூட சொல்லிகினு இருந்தாரு. அக்கா கேக்குது."

"ஆங், மாறிடுச்சு" என்று சொல்லிவிட்டேன்.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பார்கள். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணா... ஏழாவதில் சரிவுதான் அதிகம். புல்லில் ஒரு குறையும் இல்லை.