நான் மைக்கில் சொன்ன பொய்

சங்கரன்கோவிலில் என் முகத்தைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். என் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு" என்று ஆட்டோவில் தெருத்தெருவாக ஒரு பெண் குரல் போகுமே, அது நான். நாளைக்கு எங்கெங்கே மின்தடை, ஞாயிற்றுக்கிழமை சொட்டு மருந்து எங்கே போடுவார்கள், சொத்து வரி கட்டக் கடைசி நாள் என்ன, ஆடித் தபசுத் திருவிழா அன்றைக்கு எந்தப் பக்கம் வண்டி விடக்கூடாது, காணாமல் போன பசு எந்த நிறம், எல்லாம் என் வாயிலிருந்துதான் வரும். பாமாயில் வந்துவிட்டதா என்று ரேஷன் கடைக்குப் போன் போட்டால், கடைக்காரர் என் பெயரைக் கேட்க மாட்டார். "என்னம்மா, நாளைக்கு எங்கன கரண்ட் கட்டு?" என்பார். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

அதற்கு முன்னால் ஒரு விசைத்தறிக் கூடத்தில் சேலை மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கடையின் தள்ளுபடி விளம்பரத்துக்கு அங்கே சேலைகளைப் படம் எடுக்க வந்தார் ஓர் அண்ணாச்சி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவர். அத்தனை தறிச் சத்தத்துக்கு நடுவிலும் நான் பேசியது அவருக்கு வாசல்வரை கேட்டிருக்கிறது. "ஏம்மா, இந்தத் தொண்டைய வச்சிக்கிட்டு இங்கன என்ன பண்ணுத?" என்று கேட்டார். அடுத்த வாரமே அவர் கடையில் சேர்ந்தேன். ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், எதிரொலி வராமல் இருக்கச் சுவர் முழுக்க ஒட்டிய முட்டை அட்டைகள். எட்டு வருஷம் அந்த அறைக்குள் ஃபேன் போடாமல் வியர்த்திருக்கிறேன், ஃபேன் சத்தமும் மைக்கில் ஏறிவிடும் என்பதால்.

தெருப்பெயர்கள் வரிசையாக வரும் பேப்பர்தான் இருப்பதிலேயே சள்ளை. ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் போதுமான இடைவெளி விடவேண்டும். இல்லையென்றால் ஆட்டோ ஓடுகிற ஓட்டத்தில் இரண்டு தெரு ஒரு தெருவாகிவிடும். அதனால் அந்த மாதிரிப் பேப்பரைப் படிக்கும்போது மூச்சை எங்கே விடுவது, எங்கே இழுப்பது என்பதிலேயே குறியாக இருப்பேன். என்ன படிக்கிறேன் என்பது மண்டைக்குள் போகாது. ஆறு மாதம் இந்த வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

இனி எங்கள் தெருவைப் பற்றிச் சொல்லவேண்டும். குடிநீர்க் குழாய் பதிக்கிறோம் என்று ஒரு காண்ட்ராக்ட்காரரின் ஆட்கள் வந்து, தெருவின் நடுவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குழி தோண்டினார்கள். தோண்டும்போது பழைய குழாயையும் உடைத்தார்கள். புதுக் குழாயை இறக்காமலே போய்விட்டார்கள். போன ஆள் ஐந்து மாதமாக எட்டிப் பார்க்கவில்லை. அந்த ஐந்து மாதமும் தெரு முக்கில் இருந்த அடிபம்பும், வருகிற அன்று வருகிற தண்ணீர் லாரியும்தான் எங்களுக்குக் கதி. குழியைத் தாண்ட ஒவ்வொரு வாசலிலும் பலகை போட்டிருந்தோம். எங்கள் எதிர்வீட்டுக்காரி பூ மார்க்கெட்டில் பூக்கட்டுகிறவள். அப்போது அவளுக்கு ஏழாவது மாதம். இடுப்பில் குடத்தோடு அவள் பலகையில் கால் வைக்கும்போதெல்லாம் இந்தப் பக்கம் நிற்கிற நான் என்னை அறியாமல் கையை நீட்டுவேன். இவள் பிள்ளை பெறுவதற்குள் குழாய் வந்துவிட வேண்டும் என்பது தெருவே வேண்டிக்கொண்ட ஒன்று.

ஒரு புதன்கிழமை காலை நான் குடத்தோடு பலகையில் நிற்கும்போது ஆட்டோ சத்தம் கேட்டது. எங்கள் தெருவுக்குள் ஆட்டோ வரமுடியாது, குழி இருக்கிறதே. அதனால் முக்கிலேயே நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியை உள்பக்கமாகத் திருப்பினார்கள். என் குரல் வந்தது. கீழ்க்கண்ட தெருக்களில் குடிநீர்க் குழாய் பதிக்கும் பணி முழுமையாக நிறைவு பெற்றுள்ளது என்றது. ஒவ்வொரு பெயராக, அழகாக இடைவெளி விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தது. பதினோராவதாக எங்கள் தெருவைச் சொன்னது. ஆட்சேபனை இருந்தால் ஏழு நாட்களுக்குள் நகராட்சிக்கு எழுத்து மூலமாகத் தெரிவிக்கவேண்டும், தவறினால் பணி முடிந்ததாகக் கருதப்படும் என்று கனிவோடு முடித்தது.

எதிர்வீட்டுக்காரி தன் வாசலில் நின்று என்னையே பார்த்தாள்.

"ஏட்டி, இது உன் கொரலுல்லா?"

"ஆமா."

"குழி கெடக்கது உனக்குத் தெரியாதா?"

தெரியும். அன்று காலையில் மட்டும் அதை நாலு தடவை தாண்டியிருந்தேன். முந்தின நாள் அந்தப் பேப்பரைப் படித்ததும் ஞாபகம் இருந்தது, பதினோராவது பெயருக்கு முன்னால் மூச்சு இழுத்ததும் ஞாபகம் இருந்தது. பெயர் மட்டும் ஞாபகத்தில் இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. குடத்தை இறக்கி வைக்கக்கூட மறந்து நின்றேன்.

வெட்கம் சாயங்காலம்வரைகூட நிற்கவில்லை, கோபமாகிவிட்டது. முதலில் என்மேல், பிறகு அந்தப் பேப்பரை எழுதியவன்மேல். கடைக்குப் போய் அண்ணாச்சியிடம், அது பொய், நாளைக்கே திருத்திச் சொல்லவேண்டும் என்றேன். அவர் ஹெட்போனைக் கழற்றாமலே பேசினார்.

"எழுதிக் குடுத்தத நாம படிக்கோம். மெய்யா பொய்யானு பாக்கதுக்கு நாம என்ன ஜட்ஜா? காண்ட்ராக்ட்காரரு வந்து திருத்தச் சொன்னா திருத்துவோம்."

"அவரு எப்பிடி அண்ணாச்சி சொல்லுவாரு? அவரு பொய்தான அது!"

"அப்ப விடும்மா. நாளைக்கு ரத்ததான முகாம் பேப்பர் வந்திருக்கு. அதப் பாரு."

நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு முழுத் தாளில் ஆட்சேபனை எழுதிக்கொண்டு வீடுவீடாகக் கையெழுத்து வாங்கப் போனேன். கையெழுத்து வாங்குவது சுலபம் என்று நினைத்திருந்தேன். குழி எல்லார் வாசலிலும் கிடக்கிறதே! ஆனால் மூன்றாவது வீட்டிலேயே ஒரு பெரியவர் சொன்னார், "மைக்ல சொல்லியாச்சும்மா. இனி என்ன எழுதி என்ன?" அடுத்த வீட்டிலும் அதே பேச்சு. கண்ணெதிரே குழி கிடக்கிறது, தாண்டித்தான் வெளியே போகிறார்கள். ஆனாலும் மைக்கில் சொன்னது அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. அந்த மைக் நான். நான் சொன்னதை நம்பாதீர்கள் என்று நானே வாசல் வாசலாக நின்று கெஞ்சியும் கத்தியும் பார்த்தேன். கெஞ்சியதைவிடக் கத்தியதற்குத்தான் அதிகம் கையெழுத்து கிடைத்தது. முதல் கையெழுத்து எதிர்வீட்டுக்காரி போட்டாள். வீட்டுக்காரர் வரட்டும் என்று சொன்ன மாமியாரிடம், "தண்ணி எடுக்கது நானு, அவரா எடுக்காரு?" என்றாள்.

ஏழாவது நாள் நாங்கள் பதினான்கு பெண்கள் நகராட்சி ஆபீஸுக்குப் போனோம். பொறியாளர் ஒரு பெண். தாளை வாங்கி முழுக்கப் படித்தார். காண்ட்ராக்ட்காரரின் சூப்பர்வைசர் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார், கையில் ஃபைலும் முகத்தில் சிரிப்புமாக. ஃபைலில் போட்டோக்கள் இருந்தன. ஏதோ ஒரு தெரு, ஏதோ ஒரு குழாய். அது எங்கள் தெரு இல்லை என்று நாங்கள் பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவர் அதற்கெல்லாம் அசரவில்லை. போனை எடுத்து மேஜைமேல் வைத்து அமுக்கினார். அறை முழுக்க என் குரல் நிறைந்தது. பதினோராவது பெயர் வந்ததும் நிறுத்தினார்.

"மேடம், இது யாரு கொரல்னு இந்தம்மாகிட்டயே கேளுங்க. அதே தெருவுலதான் குடியிருக்காவ. வேலை முடியலன்னா அவங்களே எப்பிடிப் படிப்பாங்க?"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் யோசித்துத்தான் வந்திருக்கிறார். தெரியாமல் படித்துவிட்டேன் என்று நான் இழுத்தால் நான் ஒன்றும் தெரியாதவள். என் குரலே இல்லை என்றால் நான் புளுகி. எப்படிப் போனாலும் மனு விழும்.

"என் கொரல்தான்," என்றேன். "நான் சொன்னது பொய். எழுதிக் குடுத்தத என்னன்னு பாக்காமப் படிச்சேன். தப்பு என்மேல இருக்கு. ஆனா என் தப்பால குழி மூடிருமா? வந்து பாருங்க மேடம்."

பொறியாளர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். பிறகு, "இப்ப சொன்னத அப்பிடியே எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?" என்று கேட்டார். போட்டால் ஊரில் எவனும் இனி எனக்குப் படிக்கப் பேப்பர் தரமாட்டான் என்று தெரிந்துதான் பேனாவை வாங்கினேன். நான் பொது அறிவிப்பில் பொய் சொன்னேன் என்று தெளிவாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். கீழே என் முழுப் பெயரையும் எழுதினேன். சூப்பர்வைசரின் சிரிப்பு எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. எதிர்வீட்டுக்காரி பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மறுநாள் பொறியாளர் வந்தார். பலகைமேல் நடந்தார், டேப்பை இறக்கிக் குழியை அளந்தார், வேலை முடிந்த தெருக்களின் பட்டியலில் எங்கள் தெருவின் பெயர்மேல் சிவப்பு மையில் கோடு போட்டார். வேலை முடித்தால்தான் காண்ட்ராக்ட்காரரின் பில் நகரும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதே நாள் மாலை அண்ணாச்சி என்னிடம், "நீ கடைக்கு வரவேண்டாம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பயந்து சொன்னார். "இனிமே யாரு என் கடைய நம்பிப் பேப்பர் தருவா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழக்கூடாது என்று மாடிப்படி இறங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டேன். எட்டு வருஷ வேலை ஒரு வாக்கியத்தில் போனது. ஆனாலும் எழுதிக் கொடுத்ததற்கு ஒரு நிமிஷம்கூட வருந்தவில்லை, இன்றுவரை வருந்தவில்லை.

திரும்பவும் தறிக்கூடத்தில் சேலை மடித்தேன். எதிர்வீட்டுக்காரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழாய் அதற்குள் வரவில்லை. குழந்தையின் துணிகளை அலச நாங்கள் முறை வைத்து அவளுக்குத் தண்ணீர் எடுத்தோம். குழந்தைக்கு முகம் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த பிறகுதான் குழாயை இறக்கி மண்ணை மூடினார்கள். முதல் நாள் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. அதையும் பிடித்து வைத்துக்கொண்டு வாசலில் நின்று சிரித்தோம்.

இதற்குள் ஆட்டோவில் வேறொரு பெண் குரல் போக ஆரம்பித்திருந்தது. நல்ல குரல்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒருநாள் அண்ணாச்சி தறிக்கூடத்து வாசலில் வந்து நின்றார். கூடவே அந்தச் சூப்பர்வைசரும். வேலை முடிந்த தெருக்களின் அடுத்த பட்டியல் தயாராகியிருக்கிறது, புதுப் பெண்ணை வைத்துப் படித்தும் அனுப்பியிருக்கிறார்கள். போன தெருவிலெல்லாம் பெண்கள் ஆட்டோவை மறித்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள், ஆட்சேபனை எழுதுவோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

"எல்லாத் தெருவுலயும் ஒரே பேச்சும்மா," என்றார் அண்ணாச்சி. "அந்த மைக்குக்காரிய வந்து சொல்லச் சொல்லு, அப்ப நம்புதோம்ங்காவ. பொய்னு எழுதிக் குடுத்தவதான மெய்யும் சொல்லுவாங்காவ. வந்து படிச்சுக் குடு. சார் கேக்காரு."

சார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிக்கேன்," என்றேன். "ஆனா முதல்ல பாக்கேன். பட்டியல்ல இருக்க ஒவ்வொரு தெருவுலயும் குழாயத் திறந்து காட்டணும். தண்ணி வந்த தெருவத்தான் படிப்பேன்."

"அவ்வளவு நேரம் எங்கம்மா இருக்கு?" என்றார் சூப்பர்வைசர்.

"எனக்கு இருக்கு."

மறுநாள் காலை ஆட்டோவில் நானும் அண்ணாச்சியும், முன்னால் பைக்கில் சூப்பர்வைசர். முதல் தெருவில் தண்ணீர் வந்தது. இரண்டாவது தெருவிலும் வந்தது, கையில் பிடித்துக் குடித்தே பார்த்தேன். மூன்றாவது தெருவில் குழாயைத் திறந்தார். உஸ் என்று காற்று மட்டும் வந்தது. இன்னொரு வீட்டில் திறந்தார், அங்கேயும் காற்றுதான். வாசல்களில் குடங்களோடு பெண்கள் வந்து நின்றார்கள்.

"நாளைக்கு வந்துரும்மா. வால்வுதான் பாக்கி. நீங்க படிங்க," என்றார் சூப்பர்வைசர்.

"நாளைக்கு வரட்டும். நாளைக்கே படிக்கேன். இன்னைக்கு இந்தப் பேர அடிங்க."

"நான் எப்பிடி அடிக்க?"

"நீங்க எழுதுனதுதான? நீங்கதான் அடிக்கணும்."

பட்டியலை அவர் பைக்கின் சீட்டில் விரித்து, என் பேனாவை அவர் கையில் வைத்தேன். அவர் அண்ணாச்சியைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து கோடு கிழிக்கும்வரை நான் ஆட்டோவை நகரவிடவில்லை.